இண்டியானா 2024: சிக்னெட்டியின் முதல் சீசன் – லேசான அட்டவணையா, நிஜமான அணியா?

கரும்பலகை | 21 டிசம்பர் 2024, காலை 9:40

நேற்று ராத்திரி கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பாலின் பிளேஆஃபில் (தேசியப் பட்டத்துக்கான நாக்அவுட் சுற்று), சவுத் பெண்டில் நோட்ர டாமிடம் 27-17 என்று தோற்றதோடு இண்டியானா பல்கலைக்கழக அணியின் சீசன் முடிந்தது. 11 வெற்றி, 2 தோல்வி. அணியின் ஊரான புளூமிங்டனில் யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து டிவியில் ஒரே பல்லவி: அட்டவணை லேசு, நல்ல அணி எதிரே வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது, இவர்களை பிளேஆஃபில் சேர்த்ததே தப்பு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

முதலில் கொஞ்சம் முன்கதை. கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் இதுவரை மிக அதிகமாகத் தோற்ற அணி எது என்று இந்த ஆகஸ்டில் கேட்டிருந்தால் பதில் இண்டியானாதான். 700க்கும் மேற்பட்ட தோல்விகள். பிக் டென் (எங்கள் லீக்) பட்டம் 1945, 1967 என்று இரண்டே முறை. ஒரு சீசனில் 9 வெற்றிக்கு மேல் பார்த்ததே இல்லை. கடைசியாக ஒரு பௌல் ஆட்டத்தை (சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்குக் கிடைக்கும் ஆட்டம்) வென்றது 1991இல். இது பாஸ்கெட்பால் ஊர். அதில் ஐந்து தேசியப் பட்டங்கள். ஃபுட்பால் என்றால் மெமோரியல் ஸ்டேடியத்துக்கு வெளியே புல்வெளியில் காரை நிறுத்தி, கிரில்லைப் பற்றவைத்து, பீரைத் திறந்து, உள்ளே பாதி ஆட்டம் முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருப்பது. உள்ளே போகாமலே வீட்டுக்குத் திரும்புகிறவர்களும் உண்டு.

முந்தைய கோச் டாம் ஆலனின் கடைசி மூன்று வருஷம் 2-10, 4-8, 3-9. 2023 நவம்பரில் அவரை அனுப்பினார்கள். அனுப்புவதற்கே ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் செலவு. அந்த இடத்துக்கு ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து கர்ட் சிக்னெட்டி வந்தார். அப்போது வயது 62. வந்த மறுநாளே அசெம்ப்ளி ஹாலில் பாஸ்கெட்பால் ஆட்டத்தின் நடுவே மைக்கைப் பிடித்து, பர்டூ (இதே மாநிலத்தில் எங்கள் பரம எதிரி) ஒன்றுக்கும் ஆகாது, மிச்சிகனும் ஓஹையோ ஸ்டேட்டும் அப்படித்தான் என்று கொளுத்திப் போட்டார். சில நாள் கழித்து நிருபர் ஒருவர், எந்த நம்பிக்கையில் வீரர்கள் உங்களிடம் வருவார்கள் என்று கேட்டதற்கு, நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். ஆள் வாய்க்கொழுப்புக்காரர் என்று நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 10 ஆட்டம் வரை தோல்வியே இல்லை. முதல் எட்டு ஆட்டத்தில் ஒரு நிமிஷம்கூட அணி பின்தங்கவில்லை. ஒன்பதாவதில் மிச்சிகன் ஸ்டேட் 10-0 என்று முந்தியது. கடைசியில் ஸ்கோர் 47-10. ஒரே ஊர், ஒரே மைதானம், பழைய ஆட்களும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். இது அட்டவணையின் புண்ணியம் என்று சொல்பவர்கள், அதே மாதிரி அட்டவணைகளை வைத்துக்கொண்டு இத்தனை காலம் ஏன் தோற்றோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பக்ஐ பக்கம் | 21 டிசம்பர், காலை 10:15

வணக்கம் கரும்பலகை. கொலம்பஸிலிருந்து, அதாவது ஓஹையோ ஸ்டேட்டின் ஊரிலிருந்து எழுதுகிறேன், அதனால் என்ன சொல்லப்போகிறேன் என்பது உங்களுக்கே தெரியும்.

11 வெற்றி வாங்கிய அணிகளைப் பாருங்கள். புளோரிடா இன்டர்நேஷனல், வெஸ்டர்ன் இல்லினாய் (77-3, அதெல்லாம் ஒரு ஆட்டமா?), சார்லட். அப்புறம் பிக் டென்னில் யூசிஎல்ஏ, மேரிலாந்து, நார்த்வெஸ்டர்ன், நெப்ராஸ்கா, வாஷிங்டன், மிச்சிகன் ஸ்டேட், மிச்சிகன், பர்டூ. ஓரிகன் இல்லை, பென் ஸ்டேட் இல்லை. 18 அணி உள்ள லீகில் உண்மையான பலசாலி என்று சந்தித்தது எங்களை மட்டும்தான். நவம்பர் 23 அன்று என்ன ஆயிற்று? 38-15. நீங்கள் பந்தை முன்னே கொண்டுபோனது மொத்தமே 151 யார்டு. உங்கள் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிகிறவர்) ஐந்து முறை தரையில் படுக்கவைத்தோம்.

நேற்றும் அதேதான். கடைசி ஒன்றரை நிமிஷத்தில் போட்ட இரண்டு டச்டவுனை (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது) எடுத்துவிட்டால் 27-3. அதை நெருக்கமான ஆட்டம் என்று யாரும் சொல்லாதீர்கள்.

கரும்பலகை | 21 டிசம்பர், காலை 10:52

நெருக்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொலம்பஸ் ஆட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். முதல் டச்டவுன் எங்களுடையது, 7-0. அரைநேரம் நெருங்கும்போது 7-7. அப்போதுதான் அந்த பன்ட் (பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்புவது). ஸ்நாப் (பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குவது) நேராகத்தான் வந்தது, பன்டர் கையில் பட்டு நழுவிவிட்டது. குனிந்து எடுப்பதற்குள் உங்கள் ஆட்கள் மேலே விழுந்துவிட்டார்கள். எங்கள் எல்லைக்கோட்டுக்கு மிக அருகில் பந்து உங்களுக்கு, உடனே 14-7. இடைவேளைக்குப் பிறகு இன்னொரு பன்டை கேலிப் டவுன்ஸ் பிடித்து 79 யார்டு ஓடினார், 21-7. ஆக, ஆட்டம் கைநழுவியது பன்டில். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம், அந்த இரைச்சலில் எங்கள் லைனுக்கு (குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை) ஸ்நாப் எப்போது என்றே பிடிபடவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். பெரிய மைதானத்தில் ஆடிப் பழக்கமில்லாத அணிக்கு வருகிற சிக்கல் அது. பலம் இல்லாததும் பழக்கம் இல்லாததும் ஒன்றல்ல.

ஆரஞ்சுமிட்டாய் | 21 டிசம்பர், காலை 11:30

அண்ணா, நான் ஆகஸ்டில்தான் புளூமிங்டன் வந்தேன், முதுகலை முதல் வருஷம். சின்னச் சந்தேகம். வேறு கல்லூரிக் கோச் வந்தால் அவர் பின்னாலேயே மாணவர்களும் வந்துவிடலாமா? படிப்பு என்னாவது? என் ரூம்மேட் பாதி அணி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து வந்தது என்கிறாள்.

கரும்பலகை | 21 டிசம்பர், மதியம் 12:05

பாதி இல்லைம்மா, 13 பேர். ஆனால் அந்த 13 பேர் உட்கார்ந்த இடம் முக்கியம்.

முன்பெல்லாம் ஒரு வீரர் கல்லூரி மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்காரவேண்டும். அந்த விதி படிப்படியாகத் தளர்ந்து, இந்த ஏப்ரலில் இருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், பாடங்களில் தேறியிருந்தால் உடனே ஆடலாம் என்று ஆகிவிட்டது. டிரான்ஸ்பர் போர்ட்டல் என்ற பட்டியலில் பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். பணக்காரக் கல்லூரிகள்தான் இதனால் கொழிக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். சிக்னெட்டி வேறு வழியில் போனார். உயரம், எடை, பள்ளியில் வாங்கிய நட்சத்திரம் எதையும் பார்க்கவில்லை. கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே என்ன செய்து காட்டியிருக்கிறான் என்பதை மட்டும் பார்த்தார்.

உதாரணம், டி'ஆஞ்சலோ பான்ட்ஸ். கார்னர்பேக், அதாவது எதிரணியின் ரிசீவரை (பந்து பிடிப்பவர்) மறிப்பவர். 5 அடி 9 அங்குலம். பெரிய கல்லூரிக் கோச் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத உடம்பு. வாஷிங்டனுக்கு எதிராக இவர்தான் எதிரணி எறிந்த பந்தை இடைமறித்து (இன்டர்செப்ட்) அப்படியே ஓடி டச்டவுன் போட்டார். நேற்றுக்கூட ஆரம்பத்திலேயே நோட்ர டாமின் பந்தைப் பறித்தவர் இவரே. மிக்கைல் கமாரா, டிஃபென்சிவ் எண்ட், இந்த சீசனில் 10 சாக் (எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). லைன்பேக்கர் எய்டன் ஃபிஷர், ரிசீவர் எலைஜா சாரட், எல்லாம் அந்த 13இல் சேர்த்தி. டிஃபென்ஸ் கோச் பிரையன்ட் ஹெயின்ஸ், அஃபென்ஸ் கோச் மைக் ஷானஹன் இருவரும் அங்கிருந்தே கூட வந்தவர்கள். எந்தக் குறியீட்டுக்கு எங்கே ஓடவேண்டும், கோச் கத்தினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் 13 பேருக்கு ஏற்கெனவே தெரியும், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். முதல் வருஷத்திலேயே மூன்றாம் வருஷ அணி மாதிரி ஆடியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

படிப்பு என்னாவது என்பதற்கு நேர்மையான பதில்: கிரெடிட் மாற்றும் தலைவலி அவர்களுக்கும் உண்டு. பட்டமே முடித்துவிட்டு மேற்படிப்பு என்று வந்து ஆடுகிறவர்களும் நிறைய.

எண்கணக்கன் | 21 டிசம்பர், பிற்பகல் 2:20

குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டீர்களே. கர்ட்டிஸ் ரூர்க் ஜேம்ஸ் மேடிசன் ஆள் இல்லை. ஓஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் (ஓஹையோ ஸ்டேட் இல்லை, ஏதென்ஸ் ஊரில் உள்ள சின்னது). கனடாக்காரர், ஒன்டாரியோவின் ஓக்வில். அண்ணன் நேதன் ரூர்க்கும் அதே கல்லூரியில் ஆடிவிட்டு கனடா லீகுக்குப் போனவர். தம்பிக்கு இது ஆறாவது கல்லூரி வருஷம், கொரோனா காலத்தில் எல்லாருக்கும் ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்தார்களே, அதன் பலன். 29 டச்டவுன் பாஸ், 5 இன்டர்செப்ஷன். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் 9ஆவது இடம்.

நெப்ராஸ்காவுக்கு எதிராக 56-7 என்று போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் எறியும் கையின் கட்டைவிரலில் அடிபட்டு வாஷிங்டன் ஆட்டத்தில் உட்கார்ந்தார். டேவன் ஜாக்சன் ஆடி 31-17 ஜெயித்துக் கொடுத்தார். இரண்டாவது குவார்ட்டர்பேக்கை வைத்தும் 14 புள்ளி வித்தியாசம். இதை அட்டவணை லேசு என்பவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

இன்னொன்று. இந்த வருஷம் ஜனவரியில் தேசிய இறுதி ஆட்டம் ஆடியது மிச்சிகனும் வாஷிங்டனும். அந்த இரண்டு அணியையும் இண்டியானா அடித்திருக்கிறது.

பக்ஐ பக்கம் | 21 டிசம்பர், பிற்பகல் 2:48

எண்கணக்கன், கடைசிப் பத்தி கண்கட்டு வித்தை. மிச்சிகனில் கோச் ஹார்பா போய்விட்டார், வாஷிங்டனில் கோச் டிபோர் போய்விட்டார், இறுதி ஆட்டத்தில் ஆடியவர்களில் நிறையப் பேர் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இருக்கிறார்கள். சட்டை மட்டும்தான் அதே சட்டை. அந்த நொண்டி மிச்சிகனிடமும் நீங்கள் பட்ட பாடு நினைவிருக்கிறதா? அரைநேரத்தில் 17-3. அதன் பிறகு மொத்தமும் ஒரே ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது). அவர்கள் டச்டவுன் போட்டு 17-15 ஆக்கி, இரண்டு புள்ளிக்கு முயன்று தோற்றதால் தப்பித்தீர்கள். 20-15.

எண்கணக்கன் | 21 டிசம்பர், பிற்பகல் 3:02

அந்த நொண்டி மிச்சிகன் நவம்பர் 30 அன்று கொலம்பஸுக்கே வந்து 13-10 என்று யாரையோ அடித்ததே. யார் என்று ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

பக்ஐ பக்கம் | 21 டிசம்பர், பிற்பகல் 3:05

அதைப் பேசாதீர்கள். இன்று சாயங்காலம் டென்னஸியோடு ஆட்டம் இருக்கிறது, அபசகுனம்.

பாய்லர் பழசு | 21 டிசம்பர், மாலை 5:10

பர்டூவில் படித்தவன். ஆறுதல் சொல்ல வேண்டாம்.

நீங்கள் எல்லாரும் பலமா பலவீனமா என்று அலசிக்கொண்டிருக்கிறீர்கள். அட்டவணையில் 'பலவீனம்' என்று எழுதியிருக்கும் அந்த அணி நாங்கள்தான். செப்டம்பரில் நோட்ர டாம் எங்கள் ஊருக்கே வந்து 66-7. நவம்பர் கடைசியில் புளூமிங்டனில் உங்களிடம் 66-0. அன்று நாங்கள் எடுத்த மொத்த யார்டு 67. ரூர்க் ஆறு டச்டவுன் பாஸ். இடைவேளையிலேயே டிவியை அணைத்துவிட்டு மாடியில் துணி மடிக்கப் போனேன், மனைவி கீழேயிருந்து ஸ்கோர் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் இண்டியானா.

1925லிருந்து ஓக் வாளி என்ற பரிசுக் கோப்பைக்காக இரண்டு கல்லூரியும் அடித்துக்கொள்கிறோம். யார் ஜெயித்தாலும் அந்தச் சங்கிலியில் 'ஐ' அல்லது 'பி' என்று வெண்கல எழுத்து ஒன்று கூடும். எங்கள் கோச் ரயன் வால்டர்ஸை மறுநாளே அனுப்பிவிட்டார்கள். இரண்டே வருஷம். இப்போது பாரி ஓடம் வருகிறார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அதே மாநிலம், அதே லீக், அதே போர்ட்டல், கிட்டத்தட்ட அதே பணம். எங்களுக்கும் கதவு திறந்துதான் இருந்தது. ஒருவர் 3-9 அணியை 11-2 ஆக்கினார். இன்னொருவர் 1-11இல் முடித்தார். அந்த ஒன்றும் இண்டியானா ஸ்டேட்டிடம், அது வேறு கல்லூரி. அட்டவணையால் இவ்வளவு வித்தியாசம் வராது. எதிரி சொல்கிறேன், நம்புங்கள்.

சவுத்பெண்ட் சாமி | 21 டிசம்பர், இரவு 7:45

நேற்று மைதானத்தில் இருந்தேன். குளிர் எலும்பு வரை போனது, அதை விடுங்கள்.

என் பார்வையில் ஆட்டம் முடிந்தது முதல் கால் மணி நேரத்திலேயே. பான்ட்ஸ் பந்தைப் பறித்ததும் எங்கள் பக்கம் அமைதி. இண்டியானா கோட்டுக்கு அருகில் வந்துவிட்டது. அப்போது ரூர்க் எறிந்ததை சேவியர் வாட்ஸ் எங்கள் கோல் கோட்டருகிலேயே பிடித்தார். அடுத்த ஸ்நாப்பிலேயே ஜெரமையா லவ் கையில் பந்து. ஒரு சந்து திறந்தது, அவ்வளவுதான், 98 யார்டு. என் முன்வரிசையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பெரியவர், கையில் இருந்த ஹாட் சாக்லேட்டைக் குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். ஏழு பாயின்ட் உங்களுக்கு விழவேண்டிய இடத்தில் எங்களுக்கு விழுந்தது, அதாவது 14 புள்ளி புரண்டது.

ஆனால் எனக்கு விளங்காதது அந்த பன்ட்தான். கடைசிக் கால் பகுதி, 20-3, பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, பந்து கிட்டத்தட்ட நடு மைதானத்தில். நாலாவது முயற்சி, பந்தை வைத்துக்கொள்ளக் கடைசி வாய்ப்பு. தோற்றால் சீசனே முடிகிற ஆட்டத்தில் சிக்னெட்டி பந்தை உதைத்து எங்களிடம் கொடுத்துவிட்டார்! அதே ஆள் காலையில் டிவியில் உட்கார்ந்து, நாங்கள் பெரிய அணிகளை ஜெயிப்பது மட்டுமில்லை, நொறுக்குவோம் என்று பேசினார். வாயில் இருந்த தைரியம் நாலாவது முயற்சியில் எங்கே போயிற்று? நாங்கள் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய் நேராக டச்டவுன் போட்டோம்.

கரும்பலகை | 21 டிசம்பர், இரவு 8:30

சாமி, அந்த பன்டுக்கு நானும் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன். 11 யார்டு வேண்டியிருந்தது, ரூர்க்குக்கு அன்று எறிய நேரமே கிடைக்கவில்லை, தன் டிஃபென்ஸை நம்பினார் என்றெல்லாம் சமாதானம் சொல்லலாம். எனக்கு ஏற்பில்லை. மூன்று முறை ஸ்கோர் பண்ணவேண்டிய நிலையில் பத்து நிமிஷம் என்பது எண்ணிச் செலவழிக்கவேண்டிய காசு. பெரிய மேடையில் அவர் பயந்தார் என்றுதான் படுகிறது. கொலம்பஸிலும் ஆட்டம் கைமீறிய பிறகு அவரிடம் மாற்று யோசனை எதுவும் தெரியவில்லை. அடுத்த வருஷம் அவர் சரிசெய்யவேண்டிய இடம் இது. வீரர்களை அவர் போர்ட்டலில் வாங்கிக்கொள்ளலாம், துணிச்சலை அங்கே வாங்கமுடியாது.

வாய்ச்சவடால் பற்றி: அது ரசிகர்களுக்காகப் பேசுவது. தோற்றே பழகிய ஊரில், ஜெயிப்போம் என்று சத்தமாக ஒருவர் சொல்லவேண்டியிருந்தது. ஆட்டத்தின்போது அந்த முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? 40 புள்ளி முன்னால் இருந்தாலும் வாடகை பாக்கி வைத்தவனைப் பார்ப்பது போல மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆரஞ்சுமிட்டாய் | 21 டிசம்பர், இரவு 9:15

அக்டோபர் 26 அன்று காலேஜ் கேம்டே டிவி நிகழ்ச்சி இங்கே வந்ததே, அன்று விடியற்காலை நாலு மணிக்கே தோழிகள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். விதி ஒன்றும் தெரியாது, சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் இருந்தது. எங்கள் ஆய்வகப் பேராசிரியர் முப்பது வருஷமாக இங்கே இருக்கிறாராம், இதற்கு முன் ஃபுட்பால் டிக்கெட் கிடைக்காமல் போனது என்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். அவர் டிக்கெட்டை யாருக்காவது சும்மா கொடுத்தால்கூட வாங்கமாட்டார்களாம்.

சிக்னெட்டி இத்தனை வருஷம் எங்கே இருந்தார்? 60 வயதுக்கு மேல் திடீரென்று எப்படி?

எண்கணக்கன் | 21 டிசம்பர், இரவு 9:50

திடீரென்று இல்லை. அப்பா ஃப்ராங்க் சிக்னெட்டி வெஸ்ட் வர்ஜீனியாவில் ஹெட் கோச்சாக இருந்தவர், அப்புறம் பென்சில்வேனியாவில் இருக்கும் இன்னொரு இண்டியானா பல்கலைக்கழகத்தில் (ஆமாம், அப்படி ஒன்று இருக்கிறது) நீண்ட காலம். மகன் 2007 முதல் 2010 வரை அலபாமாவில் ஹெட் கோச் நிக் சேபனிடம் ரிசீவர் கோச், ஆள் சேர்ப்புப் பொறுப்பும் அவரிடம். அங்கே 2009 தேசியப் பட்டம். அப்படி ஒரு வேலையை விட்டுவிட்டு 2011இல் அப்பா இருந்த அந்த இரண்டாம் டிவிஷன் கல்லூரிக்கே ஹெட் கோச்சாகப் போனார். வயது ஐம்பது. சம்பளமும் குறைவு. ஆறு வருஷம் அங்கே, இரண்டு வருஷம் ஈலான், ஐந்து வருஷம் ஜேம்ஸ் மேடிசன். மேடிசனில் 52 வெற்றி, 9 தோல்வி. ஹெட் கோச்சாக ஒரு சீசன்கூட வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக முடிந்ததில்லை. கூகுளில் தேடச் சொன்னது இதற்குத்தான்.

பெரிய கல்லூரிகள் அவரைக் கூப்பிடாததுதான் எனக்கு ஆச்சரியம். இளம் முகம், இனிக்க இனிக்கப் பேச்சு, இதையே தேடிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் நடுவில், 10-0 என்று இருந்தபோதே, பல்கலைக்கழகம் முந்திக்கொண்டு எட்டு வருஷத்துக்கு 7.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டுவிட்டது. கொலம்பஸ் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால். சரியான நேரத்தில் கையெழுத்து வாங்கியவர் சிக்னெட்டிதான் என்று கிண்டல் பண்ணுகிறவர்களும் உண்டு.

பக்ஐ பக்கம் | 22 டிசம்பர், காலை 8:20

42-17. டென்னஸி ரசிகர்கள் ஆரஞ்சுச் சட்டையில் பாதி மைதானத்தை நிரப்பியிருந்தார்கள், இடைவேளைக்குள் சத்தமே இல்லை. நான் வேண்டிக்கொண்டது வீண்போகவில்லை.

எண்கணக்கன் | 22 டிசம்பர், காலை 9:00

வாழ்த்துகள். இப்போது முதல் சுற்று முழுக்க முடிந்துவிட்டது, வரிசையாகப் பார்க்கலாம். பென் ஸ்டேட் 38-10 என்று எஸ்எம்யூவை. டெக்சஸ் 38-24 என்று கிளெம்சனை. ஓஹையோ ஸ்டேட் 42-17 என்று டென்னஸியை. நோட்ர டாம் 27-17 என்று இண்டியானாவை. வெளியூர் போன நாலு அணியும் தோற்றன. அதில் மிகக் குறைந்த வித்தியாசம் இண்டியானாவுடையது. டென்னஸி எஸ்இசி (தெற்கத்திய பெரிய லீக்) அணி, அவர்களைத் தகுதியில்லை என்று டிவியில் ஒருவரும் சொல்லவில்லை.

பக்ஐ பக்கம் | 22 டிசம்பர், காலை 9:12

கடைசி ஒன்றரை நிமிஷம் என்று நேற்றே சொன்னேன்.

எண்கணக்கன் | 22 டிசம்பர், காலை 9:14

ஸ்கோர்போர்டில் அந்த ஒன்றரை நிமிஷமும் சேர்த்துத்தான் எழுதுவார்கள்.

பாய்லர் பழசு | 22 டிசம்பர், காலை 9:40

தகுதி என்பதற்கு அளவுகோல் என்ன என்று யாராவது சொல்லுங்கள். பிக் டென்னில் 2024இல் யார் யாரோடு மோதுவது என்று அறிவித்தது 2023 அக்டோபரில். அப்போது சிக்னெட்டி வர்ஜீனியாவில் இருந்தார். மிச்சிகன் அப்போது நாட்டிலேயே முதல் வரிசை, வாஷிங்டன் தோற்காத அணி, இண்டியானா அடிமட்டம். அந்தத் தாளை அன்று பார்த்த எவரும் இதை லேசு என்று சொல்லியிருக்கமாட்டார். இண்டியானாவோடு மோத வருகிற அணிகள்தான் லேசான வாரம் என்று குறித்துவைத்திருப்பார்கள். எதிரே இருப்பவர்களை எல்லாம் சராசரியாக 40 புள்ளி அடித்துத் துவைத்த பிறகு, பார்த்தாயா எல்லாரும் சோப்ளாங்கி என்பது எந்த ஊர் நியாயம்?

சவுத்பெண்ட் சாமி | 21 ஜனவரி 2025, காலை 7:30

நேற்று அட்லாண்டாவில் ஓஹையோ ஸ்டேட் 34, நோட்ர டாம் 23. மனசு சரியில்லை. பக்ஐ பக்கம், வாழ்த்துகள், கோச் ரயன் டேயைத் துரத்தச் சொன்ன உங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் இப்போது எங்கே?

கரும்பலகைக்காக ஒன்று: இண்டியானா இந்த சீசன் முழுக்கத் தோற்றது இரண்டே அணியிடம். ஒன்று சாம்பியன், இன்னொன்று இறுதி ஆட்டத்தில் தோற்ற நாங்கள். எங்களிடம் ஜார்ஜியாவும் பென் ஸ்டேட்டும்கூடத் தோற்றுத்தான் போனார்கள்.

பக்ஐ பக்கம் | 21 ஜனவரி, காலை 8:10

நன்றி சாமி. இன்று யாரோடும் சண்டை போடும் எண்ணம் இல்லை. ஆனால் ஒன்று: சாம்பியனிடம் தோற்றதால் ஒரு அணி தானாகப் பெரிய அணி ஆகிவிடாது. உண்மையான சோதனை இந்த வருஷம்தான். அட்டவணையைப் பாருங்கள்: ஐயோவா போகவேண்டும், ஓரிகன் போகவேண்டும், பென் ஸ்டேட் போகவேண்டும். மூன்றும் வெளியூர். ரூர்க்கும் இல்லை. அந்த மூன்றில் இரண்டு ஜெயித்தால் நானே வந்து சிக்னெட்டிக்குச் சலாம் போடுகிறேன்.

கரும்பலகை | 21 ஜனவரி, காலை 9:00

எழுதி வைத்துக்கொள்கிறேன். ரூர்க் இடத்துக்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஃபெர்னாண்டோ மென்டோசா வருகிறார். தம்பி ஆல்பர்ட்டோ ஏற்கெனவே இங்கே குவார்ட்டர்பேக் வரிசையில் இருக்கிறான். பான்ட்ஸ், ஃபிஷர், கமாரா, சாரட் எல்லாரும் திரும்புகிறார்கள். எனக்குக் கவலை லைன்தான். கொலம்பஸிலும் சவுத் பெண்டிலும் நடுவில்தான் உடைந்தோம், அங்கே இரண்டு தடியான ஆட்கள் வேண்டும்.

எண்கணக்கன் | 27 ஏப்ரல் 2025, இரவு 10:05

ரூர்க்கை சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் என்எஃப்எல் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஏழாவது, அதாவது கடைசிச் சுற்றில் எடுத்திருக்கிறார்கள். இவ்வளவு கீழே போனதற்குக் காரணம் முழங்கால். சீசன் முழுவதும் வலது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்த நிலையில் ஆடியிருக்கிறார். சீசன் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது, அறுவை சிகிச்சையும் முடிந்தது.

29 டச்டவுன் என்று எழுதினேனே, அதெல்லாம் அந்தக் காலோடு.

கரும்பலகை | 27 ஏப்ரல், இரவு 10:30

கொலம்பஸ் ஆட்டத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது சாக்கில் வலது பக்கம் நகர்ந்தாலே தப்பித்திருக்கலாம், நகரவில்லை. நவம்பரில் அவரை மந்தமான ஆள் என்று ஊரே திட்டியது.

பக்ஐ பக்கம் | 27 ஏப்ரல், இரவு 10:41

அது தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு பேரைக் கூடுதலாக அனுப்பியிருப்போம். (கோபிக்காதீர்கள். அந்தப் பையன் மேல் மரியாதை கூடிவிட்டது.) சலாம் பேச்சு அப்படியே நிற்கிறது: ஐயோவா, ஓரிகன், பென் ஸ்டேட்.

பாய்லர் பழசு | 27 ஏப்ரல், இரவு 11:15

நவம்பர் 28, வெள்ளிக்கிழமை, வெஸ்ட் லஃபாயெட். நீங்கள் மூன்றில் எத்தனை ஜெயித்தாலும் சரி, கடைசியில் எங்கள் ஊருக்குத்தான் வரவேண்டும். மனைவியின் சிவப்புத் தொப்பியை இப்போதே பரணில் ஏற்றிவிட்டேன்.

ஆரஞ்சுமிட்டாய் | 28 ஏப்ரல், காலை 7:50

ஆகஸ்ட் 30, ஓல்டு டொமினியன், முதல் ஆட்டம். மாணவர் டிக்கெட் எப்போது விற்பனைக்கு வரும் என்று யாருக்காவது தெரியுமா? இந்தத் தடவை ஆய்வகத்தில் ஒன்பது பேர் கேட்கிறார்கள், பேராசிரியரையும் சேர்த்து.